மொட்டைமாடித் தொந்தி

"ஒண்ணு, இந்த டேங்க் இறங்கணும். இல்லேன்னா நீங்க இறங்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கீழ் வீட்டிலேயே குடியிருக்கும் ஓனர் இப்படிச் சொன்னபோது, மெக்கானிக்கம்மா அப்போதுதான் பஸ் டிப்போவிலிருந்து வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ். மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு கிரீஸ். போதாததற்குப் பசி வேறு. இந்த நிலையில் எந்த மனுஷியும் பணிவாகப் பதில் சொல்ல மாட்டாள்.

"ரெண்டும் இறங்காது சார்," என்றாள்.

பின்னால் நின்றிருந்த அவள் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, சத்தம் வரும்போலத் தெரிந்தாலே கண்ணை மூடிக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

டேங்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊர்க்கோடியில் ஒரு பால் பண்ணையை மூடினார்கள். உடைசல் சாமான்களோடு, பாலைக் குளிர வைக்கிற பெரிய எவர்சில்வர் டேங்க் ஒன்றும் வெளியே வந்தது. இரட்டைச் சுவர், நடுவில் கனமான நுரைப்பஞ்சு. பார்த்த மாத்திரத்தில் மெக்கானிக்கம்மாவுக்குப் பொறி தட்டியது. குளிர்ச்சியை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது என்றால், சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன?

வீட்டுக் கூரையில் சோலார் பலகைகள் ஏற்கெனவே இருந்தன. பகலெல்லாம் வெயில் அடிக்கும், கரண்ட் வரும், ஆனால் அவ்வளவையும் செலவழிக்க வீட்டில் ஆள் இருக்காது. எல்லோரும் வந்து சேர்கிற நேரத்துக்கு வெயில் கிளம்பிப் போயிருக்கும். பாட்டரியில் அடைத்து வைக்கலாமென்று விலை கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டேங்கைப் பார்த்தபிறகுதான் வழி கிடைத்தது. பகல் கரண்டை அப்படியே டேங்குக்குள் சூடேற்றும் காயில் ஒன்றில் விட்டாள். தண்ணீர் பகலெல்லாம் உட்கார்ந்து சூட்டைக் குடிக்கும். சாயங்காலமோ மறுநாள் காலையோ, எப்போது குழாயைத் திறந்தாலும் ஆவி பறக்க வரும். குளிக்க, பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். குளிர் தாங்காத நாளில் படுக்கையறைச் சுவரோரம் ஒரு குழாயில் ஓடவிட்டால் அறைகூட கதகதவென்று ஆகிவிடும்.

"தண்ணிதான் என் பாட்டரி," என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆரம்பத்தில் கொஞ்ச நாள் தண்ணீரில் புளித்த பால் வாடை வந்தது உண்மை. கணவர் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால் தெருப் பூனைகள் எல்லாம் நூலக வாசல்வரை கூடவே போயின. அதுவும் சரியாகிவிட்டது. மொட்டைமாடியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த டேங்குக்குத் தொந்தி என்று பேர் வைத்தது அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். வீட்டிலிருந்தே தையல் தைக்கிறாள். ஊசி மெஷினில் மட்டும் இல்லை, வாயிலும் இருந்தது.

ஓனர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து தொந்தியை ஏற்றியதுதான் இப்போது வம்பாகிவிட்டது.

"சூட்டைத் தண்ணியில சேத்து வெக்கறாங்களாம்! சூடு என்ன சில்லறைக் காசா, உண்டியல்ல போட்டு வெக்க?" என்றார் ஓனர். "விடிஞ்சா ஆறிப் போயிடும். எதுக்கும் உதவாத ஒரு பாரத்தை என் தலைக்கு மேல வெக்க நான் விட மாட்டேன்."

"விடிஞ்சாலும் ஆறாது சார்."

"ஆறும்."

"ஆறாது. சோதிச்சுப் பாத்துக்கோங்க."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் ஓனர் வேலையில் இருந்த காலத்தில் எடை அளவுத் துறை இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் படியையும் சோதித்து முத்திரை குத்தியவர். அவர் தெருவில் நடந்து வந்தால் கடைக்காரர்கள் நல்ல தராசையே மறைத்து வைப்பார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் எதையும் நம்புவதில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறினால், இறங்கி, மெஷினை நகர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு தரம் ஏறுவார்.

சோதனை என்றதும் அவர் முகத்தில் பல காலமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

"சரி. நாளைக் காலையில வர்றேன். இன்னிக்கு ஏறின சூடு நாளைக்குக் காலையில நின்னா டேங்க் இருக்கட்டும். நிக்கலேன்னா..."

"நிக்கும்."

அவர் இறங்கிப் போனதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "இது டேங்கைப் பத்தின பேச்சே இல்ல. அவரு தம்பி பையனுக்கு இந்த மாடி வேணுமாம். நம்மளக் கிளப்பறதுக்கு ஒரு சாக்கு."

"கிளப்பட்டும் பாப்போம்," என்றாள் மெக்கானிக்கம்மா. "என்னங்க, இன்னிக்கு ராத்திரி யாரும் சுடுதண்ணிக் குழாயைத் தொடக்கூடாது. அண்ணி, உங்களையும் சேத்துத்தான்."

"பாத்திரம்?"

"கிடக்கட்டும்."

"உன் கை?"

மெக்கானிக்கம்மா தன் கையைப் பார்த்தாள். சாதாரணமாக அந்தக் கிரீஸ் போக அரைத் தொந்தி தண்ணீர் ஆகும். பழைய துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கரண்டியால் சாப்பிட்டாள்.

காலையில் ஓனர் வந்தார். மெக்கானிக்கம்மா டிப்போவிலிருந்து கொண்டு வந்த சூட்டளவுத் துப்பாக்கியோடு தயாராக இருந்தாள். பஸ் சக்கரத்தில் பிரேக் சூடாகிறதா என்று பார்ப்பதற்கு வைத்திருப்பது. தண்ணீர் மேல் காட்டி அமுக்கினால் எண் வந்துவிடும்.

"இந்தாங்க சார், பாத்துக்கோங்க."

ஓனர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு யாரு சீல் வெச்சது?"

"யாரும் வெக்கலையே."

"அப்பச் செல்லாது. கருவி பொய் சொல்லும்மா. நான் பாக்காத பொய்க் கருவியா? உடம்பு பொய் சொல்லாது. நான் குளிச்சுத்தான் பாக்கணும்."

"உங்க உடம்புக்கு யாரு சார் சீல் வெச்சது?" என்று உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. தையல் மெஷின் சத்தத்தில் அது தன் காதில் விழாததுபோல ஓனர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வெளியே கணவர் பல் தேய்க்கும் பிரஷோடு நின்றார். வாயில் நுரை. கதவு திறக்கிற வழியாக இல்லை. நுரையை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கையை ஆட்டி ஜன்னலைக் காட்டினார். மெக்கானிக்கம்மா தலையாட்டியதும் ஓடிப்போய் எட்டித் துப்பினார். கீழே ஓனரின் பூந்தொட்டி.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஓனர் கன்னமெல்லாம் சிவந்து, தலைமுடியெல்லாம் நின்று, புதிதாகப் பிறந்தவர் போல வெளியே வந்தார்.

"சுடுது," என்றார்.

"நான்தான் சொன்னேனே!"

"அவசரப்படாதீங்க. நேத்து நல்ல வெயில். நல்ல வெயில்ல யார் வேணாலும் சுட வெப்பாங்க. மப்பு போட்ட நாளைக்குச் சோதிச்சாத்தான் யோக்கியதை தெரியும்."

மெக்கானிக்கம்மா சும்மா இருந்திருக்கலாம். "எந்த நாளைக்கு வேணாலும் வாங்க," என்றாள்.

மறுநாளே வானம் மூடிக்கொண்டது. குளிர்காலத்து வானத்துக்கு அது ஒரு வேலையா? சோலார் பலகைகள் பேருக்கு ஏதோ கொடுத்தன. இருக்கிற சூடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மெக்கானிக்கம்மா வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, மெத்தை எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாள். தொந்திக்கு அடுக்கடுக்காகச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். மழை வந்தால் நனையாமல் இருக்க மேலே ஒரு தார்ப்பாய். போதவில்லை. கணவரின் ஸ்வெட்டரை வால்வுக்கு மாட்டினாள்.

"அது எனக்கு வேணும்மா," என்றார் கணவர், பல் கிடுகிடுக்க.

"நீங்க மனுஷங்க, நடந்து சூடேத்திக்கலாம். அதால நடக்க முடியுமா?"

அன்றிரவு நாத்தனார், ஊரார் தைக்கக் கொடுத்திருந்த துணிகளையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்கினாள். காலையில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கவுனுக்குள்ளிருந்து எழுந்து வந்து, "உன் தொந்தி தூங்கிச்சாம்மா நல்லா?" என்று கேட்டாள்.

ஓனர் குளித்தார். இந்தத் தரம் கூடுதல் நேரம். நடுவில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

"மப்புக்கும் தாங்குது," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நான் தலைக்கு ஊத்திக்கலை. தலைக்கு ஊத்திக்கிட்டாத்தான் முழுக் கொள்ளளவு தெரியும். நாளைக்கு என் சோப்பைக் கொண்டு வர்றேன். உங்க சோப்பு நுரை ஜாஸ்தி, அளவு தப்புது."

தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சோதனை நடந்தது. அதற்கப்புறம் முதுகு தேய்த்துக்கொள்ளும் சோதனை. அப்புறம், சாயங்காலச் சூட்டுக்கும் காலைச் சூட்டுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமென்று சாயங்காலச் சோதனை. கொள்ளளவு என்றால் கொள்ளளவேதான். அவர் போன பிறகு குழாயைத் திறந்தால் வருவது பனிக்கட்டியின் தம்பிதான்.

ஊருக்கே சுடுதண்ணீர் சேர்த்து வைப்பது எப்படி என்று பாடம் எடுத்த மெக்கானிக்கம்மா, ஒரு வாரமாகப் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். பச்சைத் தண்ணீருக்குக் கிரீஸ் அசையாது. டிப்போவில் டிரைவர் ஒருவர் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாட்டரி டவுனா?" என்றார். சிரிக்காதவர்கள் யாருமில்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இனி கொள்ளளவு, நேரம் என்று ஒரு குறை சொல்ல விடக் கூடாது. மறுநாள் நல்ல வெயில் வருமென்று தெரிந்ததும், சூட்டை ஓரளவோடு நிறுத்துகிற கட்டுப்பாட்டுக் குமிழை அதுவரை தொடாத இடத்துக்குத் திருகிவிட்டு வேலைக்குப் போனாள்.

தொந்தியும் வாங்கிக்கொண்டது. மத்தியானத்துக்குமேல், பாதுகாப்பு வால்வு தன் கடமையைச் செய்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிக்குழாய் வழியாகக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நேராகக் கீழே, ஓனர் வீட்டுத் துணிக்கொடி மேல். கொடியில் அவருடைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றுதான் காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அவர் மாடியேறி வந்தார். சாட்சியை மாட்டிக்கொண்டே வந்தார். ஸ்வெட்டர் தொப்புளுக்கு மேலே நின்றது. கை முழங்கைக்கு மேலே நின்றது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பொத்தான்கள் பயந்தன.

"இதைப் பாத்தீங்களா? இது என்ன அளவு? எந்த அளவுல சேத்தி இது?"

நாத்தனார் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நில்லுங்க சார், பாத்துச் சொல்றேன்."

"அண்ணி, உக்காருங்க," என்றாள் மெக்கானிக்கம்மா. ஓனர் பக்கம் திரும்பி, "ஸ்வெட்டருக்கு மன்னிச்சுக்கோங்க சார். அண்ணி உங்களுக்குப் புதுசாப் பின்னிக் குடுப்பாங்க. ஆனா ஒண்ணு ஒத்துக்கோங்க. தண்ணி சுட்டுச்சா இல்லையா?"

"சுட்டுச்சு. சுடறது வேற, நிலையாச் சுடறது வேற. இன்னிக்குக் கொதிக்குது, நாளைக்கு ஆறும். நிலைத்தன்மை இல்லை. மழை நாள்ல ஒரு சோதனை வெச்சு முடிவு சொல்லிடறேன். அதுதான் கடைசி. அதுல நிக்கலேன்னா, சொன்னது சொன்னதுதான்."

கடைசி என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அவர் நல்ல மனிதர். அந்த வீட்டைவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். அதைவிட, தொந்தி இறங்கினால் தன் பெண்டாட்டி முகம் எப்படி ஆகுமென்று நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. டேங்கைச் சுத்தம் செய்து, குழாய் வளைத்து, பற்றவைத்து, ஒவ்வொரு விடுமுறை நாளையும் அவள் அதற்குள் தலைவிட்டுக் கழித்ததைப் பார்த்தவர் அவர்.

மழை வந்தது. மெக்கானிக்கம்மா மட்டும் கலங்கவில்லை. முந்தின இரண்டு நாள் வெயிலை அவள் தொந்திக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாள். "யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். எல்லாம் உள்ள இருக்கு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. நூலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாடியேறினார். தார்ப்பாயை விலக்கி, போர்வையை விலக்கி, மூடியைத் திறந்து ஊற்றினார். திரும்பினால், படியில் நாத்தனார். கையில் ஆவி பறக்கும் வாளி.

"நீ எதுக்குடா வந்தே?"

"நீ எதுக்குக்கா வந்தே?"

"உன் பெண்டாட்டி தோத்துட்டா ஒரு மாசத்துக்கு அவ கோவத்தோட வீட்டுல யாரு இருக்கிறது? அதான்."

அக்காவும் தம்பியும் இறங்கினார்கள், கொதிக்க வைத்தார்கள், ஏறினார்கள். ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்தார்கள். ஒவ்வொரு தரமும் தொந்திக்குள்ளிருந்த இரண்டு நாள் வெயில், வெள்ளைப் புகையாக எழுந்து மழையில் கரைந்து போனது. போதாததற்குப் போர்வைகள் நனைந்து, சூட்டை இன்னும் உறிஞ்சின.

மெக்கானிக்கம்மா வந்து மொட்டைமாடியைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"நல்லதுக்குத்தான்..." என்றார் கணவர்.

"சூட்டை வெளியே விடக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு! திறந்து திறந்து விட்டிருக்கீங்களே! உங்களை என்ன பண்றது?"

"ஊத்தினது நாங்கதான், ஆனா..." என்று ஆரம்பித்த நாத்தனார், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதியில் நிறுத்திவிட்டு, வாளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை. ஓனர் உள்ளே போன வேகத்தில் ஒரு வீறல் கேட்டது. பாட்டு இல்லை. நடுநடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். "வெதுவெதுப்புக்கூட இல்ல! இதென்ன கொடுமை!"

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மெக்கானிக்கம்மா முன்னால் வந்து நின்றாள். "சார், உண்மையைச் சொல்லிடறேன். நான் இல்லாதப்ப இவங்க ரெண்டு பேரும் அடுப்புல வெந்நீர் போட்டு டேங்க்குல ஊத்திட்டாங்க. அதான் கெட்டுப்போச்சு. இந்தச் சோதனை செல்லாது. ஆனா ஏமாத்தினது ஏமாத்தினதுதான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"ஏம்மா, சொல்லாம இருந்திருக்கலாமே," என்று கணவர் முணுமுணுத்தார்.

"அடுப்பால ஜெயிக்கறதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்?"

ஓனர் முகம் மலர்ந்தது. "கலப்படம்!" என்றார், பழைய நண்பனைத் தெருவில் பார்த்தவர் மாதிரி. "கலப்படம் நடந்த சரக்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்க துறையில அதுதான் சட்டம். மொதல்லருந்து எல்லாத்தையும் திரும்பச் சோதிக்கணும். நாளைக்கே ஆரம்பிப்போம். மொதல்ல சாதாரணக் குளியல். அப்புறம் தலைக்கு. அப்புறம் முதுகு..."

அவர் போன பிறகு நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "தம்பி பையனுக்கு வீடு கேக்கற மனுஷன், கைக்கு வந்த சான்ஸை ஏன்டா விட்டுட்டுப் போறாரு?"

"நேர்மையானவர்," என்றார் கணவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

அந்த வாரமும் அப்படியே போனது. கடைசியில் ஒரு நாள் டிப்போவில் பழைய பஸ் ஒன்றின் கியர்பெட்டி வாயைத் திறந்துகொண்டது. மெக்கானிக்கம்மா தலையிலிருந்து கால்வரை எண்ணெய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நினைப்பில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தொந்தியின் சுடுதண்ணீர். வந்தாள். குழாயைத் திறந்தாள். சில்லென்று கையைக் கடித்தது.

"ஓனர் இப்பத்தான் பாடி முடிச்சுட்டுப் போனாரு," என்றாள் நாத்தனார். "இன்னிக்குக் கால் ஊற வெக்கற சோதனையாம்."

மெக்கானிக்கம்மா குழாயை மூடினாள். அந்த எண்ணெயோடேயே, பாயில் பழைய செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்தபோது அவள் முதுகில் அரைப் பக்கச் செய்தியைக் கணவரால் படிக்க முடிந்தது.

ஓனர் சோப்புப் பெட்டியும் துண்டுமாக வந்தார். பாத்ரூம் வாசலில் மெக்கானிக்கம்மா நின்றாள். கையில் பஸ் சக்கரத்தைக் கழற்றுகிற ஸ்பானர்.

"இனிமே சோதனை கிடையாது சார்."

"அதெப்படி? இன்னும் முடிவு..."

"முடிவு நான் சொல்றேன். சூடு நிக்குது. வெயிலுக்கு நிக்குது, மப்புக்கு நிக்குது, உங்க தலைக்கு நிக்குது, முதுகுக்கு நிக்குது. கால் ஊற வெச்சப்பவும் நின்னுது. நான் பண்ணின டேங்க். எங்க தண்ணி. இன்னிக்கு நான் குளிக்கப் போறேன்."

"ஒரே ஒரு தடவை..." ஓனரின் குரல் இறங்கியது. "சின்னதா ஒண்ணு. தோள் மட்டும்."

"கிடையாது."

"அப்ப டேங்க் இறங்கும்!"

"இறக்குங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வாங்க. நான் மேலதான் இருப்பேன். தொந்தியை இறக்கணும்னா மொதல்ல என்னை இறக்கணும்."

ஓனர் சோப்புப் பெட்டியைத் திறந்தார். ஸ்பானரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். படியிறங்கிப் போகும்போது அவர் தோளிலிருந்த துண்டு, தோற்றுப்போன கட்சியின் கொடி மாதிரி தொங்கியது.

மெக்கானிக்கம்மா முதலில் குளித்தாள். எத்தனை நாள் கிரீஸ்! தரை கறுத்தது, சாக்கடை கறுத்தது, அவள் வெளுத்தாள். பிறகு லீவு சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தொந்தியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மடியில் ஸ்பானர். அடிபணிகிற எண்ணம் அந்த முகத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு நாற்காலி மேலே வந்தது. கணவர்.

"லைப்ரரி?"

"இன்னிக்கு யார் வேணாலும் சத்தம் போட்டுக்கட்டும்," என்றார்.

அவருக்குப் பின்னால் நாத்தனார், தையல் கத்தரிக்கோலோடு. "என்னைப் பாக்காதீங்க. வெயிலுக்கு வந்தேன்," என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் போனது. யாரும் வரவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் கீழே ஏதோ கசமுசவென்று பேச்சு, ஒரு பெண் குரல் உயர்ந்தது, கதவு படாரென்று சாத்திய சத்தம். அப்புறம் படியில் காலடி. கனமான காலடி. ஒரு படி, ஒரு பெருமூச்சு. ஒரு படி, ஒரு பெருமூச்சு.

"வந்துட்டாங்க," என்றார் கணவர். இந்தத் தரம் அவர் கண்ணை மூடவில்லை.

மெக்கானிக்கம்மா ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

படிமுனையில் முதலில் ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை, இரண்டு காதையும் மூடிக் கட்டிய மப்ளர். பிறகு ஒரு மூக்கு, சிவந்து, ஒழுகி. ஓனரின் வீட்டம்மா. முழங்கால் வலி என்று வாசற்படியைக்கூடத் தாண்டாத மனுஷி. அவள் இந்த மாடி ஏறி யாரும் பார்த்ததே கிடையாது. கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். ஸ்பானரையும் கத்தரிக்கோலையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அதையெல்லாம் கீழ வையுங்க. வீடு என் பேர்ல இருக்கு. நான் சொல்லாம இங்கேருந்து ஒரு செங்கல்கூட இறங்காது. டேங்க் அங்கேயேதான் இருக்கும்."

மெக்கானிக்கம்மா ஸ்பானரைத் தாழ்த்தினாள். "தம்பி பையனுக்கு வீடு..."

"எந்தத் தம்பி? அவருக்குத் தம்பியே கிடையாதேம்மா."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். நாத்தனார் கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கும்மா சார் எங்களை இத்தனை நாளா இந்தப் பாடு படுத்தினாரு?"

வீட்டம்மா முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு துண்டையும் சோப்பையும் வெளியே எடுத்தாள்.

"எங்க வீட்டு ஹீட்டரை ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டுட்டு, திரும்ப மாட்டத் தெரியாம, 'பச்சைத் தண்ணிதான்டி உடம்புக்கு நல்லது, நானும் தினம் அதுலதான் குளிக்கிறேன்'னு இத்தனை நாளா என்னை நடுங்க வெச்சிருக்காரு அந்த மனுஷன். உங்க பாத்ரூம் எந்தப் பக்கம்மா? நானும் கொஞ்சம் சோதிக்கணும்."